சேலம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

குரோம்பேட்டைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் சேலம் சூரமங்கலத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு திருச்செந்தூர் போயே ஆகவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பேரனுக்கு வேலை கிடைத்தால் வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. "கடன்காரி மாதிரி நிற்கிறேன்" என்று தினமும் காலையில் காபியோடு சேர்த்துச் சொல்கிறார்.

சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கிருந்து தூத்துக்குடிக்கு எப்படி என்பதில்தான் குழப்பம். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டுத் தூரம் பார்த்தேன். 340 கி.மீ., பறக்கும் நேரம் 55 நிமிடம் என்று வந்தது. அடடா, காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு திருச்செந்தூரில் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். டிக்கெட் எடுக்கப் போனால் நேரடி விமானமே காட்டவில்லை. எதைத் தட்டினாலும் சென்னை வந்து மாறச் சொல்கிறது.

என் கேள்வி இதுதான். அந்த 55 நிமிடம் எங்கிருந்து வந்தது? அம்மாவை எப்படி அழைத்துப் போனால் சிரமம் குறைவு? சாலை வழி 400 கி.மீ. சொச்சம் காட்டுகிறது.

---

ராப்பயணி எழுதியது:

நேரடி விமானம் கிடையாது சார். விமானமே இல்லாத இரண்டு ஊருக்கு நடுவிலும் கணினி நேரம் போட்டுக் கொடுக்கும், அதற்கென்ன காசா பணமா. மைசூரு - தூத்துக்குடி ரயில் சேலம் வழியாகத்தான் போகிறது. ஆனால் நள்ளிரவு தாண்டித்தான் சேலம் வரும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். கீழ்ப் படுக்கை கிடைத்தால் சுகம். கிடைக்காவிட்டால் அந்த நேரத்தில் யாரையாவது எழுப்பி இடம் மாற்றச் சொல்ல வேண்டும், 78 வயது அம்மாவோடு அது வேண்டாம்.

---

பழவந்தாங்கல் தாத்தா எழுதியது:

தம்பி, நான் மீனம்பாக்கத்தில் 31 வருஷம் லோடு ஷீட் போட்டவன். விமானத்தில் எத்தனை ஆள், எத்தனை பெட்டி, எரிபொருள் எவ்வளவு, மொத்தப் பாரம் எந்த இடத்தில் உட்காருகிறது என்று கணக்குப் போட்டுக் கேப்டனிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. இப்போது ஓய்வு. ஆனால் யாராவது இரண்டு விமான நிலையத்தைச் சொல்லித் தூரம் கேட்டால் கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

உங்களுக்கு வந்த 340 சரியான எண்தான். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சேலம் விமான நிலையம், அதாவது ஓமலூர் பக்கம் காமலாபுரம், வடக்கே 11 டிகிரி 47 நிமிடம், கிழக்கே 78 டிகிரி 4 நிமிடம். தூத்துக்குடி விமான நிலையம், அதாவது வாகைக்குளம், வடக்கே 8 டிகிரி 43 நிமிடம், கிழக்கே 78 டிகிரி 2 நிமிடம். இரண்டாவது எண்களைப் பாருங்கள். கிழக்கு மேற்கில் வித்தியாசம் இரண்டே நிமிடம், நாலு கி.மீ.கூடத் தேறாது. ஒன்று இன்னொன்றுக்கு நேர் தெற்கே உட்கார்ந்திருக்கிறது. வடக்கு தெற்கில் 3 டிகிரி 4 நிமிடம், ஆக 184 நிமிடம். வடக்கு தெற்கில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. பெருக்கினால் 340 கி.மீ. சொச்சம் வரும். கால்குலேட்டர் வேண்டாம், பழைய டைரியின் பின் அட்டை போதும்.

இன்னொரு வேடிக்கை. அதே 78 டிகிரிக் கோட்டில் விரலை வைத்துத் தெற்கே இழுத்து வாருங்கள். கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், எட்டயபுரம் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பத்துப் பன்னிரண்டு கி.மீ.க்குள் வந்துவிடும். பூக்காரம்மா நாரில் பூ வைத்துக் கட்டின மாதிரி. அதனால்தான் உங்கள் சாலையும் அதிகம் வளையவில்லை. நேர்க்கோடு 340, தார்ச்சாலை 400. ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல், நம் ஊர்ச் சாலைக்கு இது ரொம்பக் குறைவு. இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது 55 நிமிடத்துக்கு வருவோம். இந்த மாதிரி தூரக் கணக்கு பெரும்பாலும் எப்படிப் போடுகிறார்கள் என்றால், மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடுவது. 340ஐ 800ஆல் வகுத்தால் 25 நிமிடம், கூட 30, ஆச்சு 55. ஆனால் 800 என்பது ஜெட்டின் வேகம். சேலத்து ஓடுபாதை 1,806 மீட்டர். அங்கே வந்து போவது ஏடிஆர், இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற விமானம். அது மேலே போய் நிதானப்பட்ட பிறகு மணிக்கு 510 கி.மீ. போனால் அதிகம். அப்படி ஒரு நேரடி விமானம் விட்டாலும் நேர்க்கோட்டுக்கு 40 நிமிடம், ஏற இறங்க ஒரு பத்துப் பதினைந்து, தரையில் ஊர்ந்து போக இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பத்து. ஒரு மணி ஐந்து நிமிடம் என்று நான் எழுதுவேன்.

டிக்கெட்டில் போடுகிற நேரம் பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்திருப்பார்கள் இல்லையா, நாங்கள் சாக்ஸ் என்போம், அதை எடுத்த நிமிடத்திலிருந்து அடுத்த ஊரில் திரும்ப வைக்கிற நிமிடம் வரை. பிளாக் நேரம் என்று அதற்குப் பெயர். சென்னையில் அந்தக் கட்டையை எடுத்த பிறகு முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால், சக்கரம் தரையை விட்டுக் கிளம்பவே கால் மணி ஓடிவிடும். சேலத்தில் வரிசையாவது ஒன்றாவது.

சரி, இருக்கிற வழிக்கு வருவோம். சேலம் - சென்னை நேர்க்கோட்டில் 265 கி.மீ. சென்னை - தூத்துக்குடி 530 கி.மீ. சுற்று. ஆக 340 கி.மீ. தெற்கே இருக்கிற ஊருக்குப் போக 795 கி.மீ. பறக்கச் சொல்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. நேரம் பாருங்கள்: சூரமங்கலத்திலிருந்து காமலாபுரத்துக்கு முக்கால் மணி. ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், அம்மாவுக்கு வீல்சேர் வேறு, அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம். சென்னையில் மாற, அதிர்ஷ்டம் இருந்தால், இரண்டு மணி நேரம். தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி. பெட்டி வாங்க இருபது நிமிடம். வாகைக்குளத்திலிருந்து திருச்செந்தூர் ஒரு மணி நேரத்துக்கு மேல். கூட்டினால் எட்டேகால். இதில் அம்மா வானத்தில் இருப்பது இரண்டரை மணி நேரம்தான், மீதியெல்லாம் நாற்காலி மாறுவது. கார் என்றால் சூரமங்கலத்து வாசலில் ஏறினால் கோயில் வாசலில் இறங்கலாம், நிற்கிற நேரமெல்லாம் சேர்த்து அதே எட்டு மணி நேரம். சாலை நேராக இருக்கிறது என்று சொன்னேனே, அதன் பலன் இதுதான்.

திரும்பும்போது மட்டும் வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்துவிடுங்கள். அந்த 600 கி.மீ.யைச் சாலையில் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

---

குரோம்பேட்டைக்காரன்:

ஐயா, பரீட்சைக்குக்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. டைரிக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், வந்தது! இரண்டு சந்தேகம். ஏடிஆரில் படி எப்படி, அம்மாவால் ஏற முடியுமா? அப்புறம், இப்படி நேர் தெற்கே இருக்கிற ஊருக்கு ஏன் ஒரு விமானம் விடக்கூடாது?

---

பழவந்தாங்கல் தாத்தா:

படிக்குப் பயப்பட வேண்டாம். ஏடிஆருக்கு இறக்கை உடம்புக்கு மேலே, வயிறு தரைக்குப் பக்கத்தில். ஆள் ஏறுவது பின்பக்கம், பெட்டி ஏற்றுவது முன்பக்கம். பின்கதவைக் கீழே சாய்த்தால் கதவின் உள்பக்கமே படியாகிவிடும். நம் மாநகரப் பேருந்தின் பழைய படியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். குறுகலாக இருக்கும், கைப்பிடி உண்டு. அம்மாவை முன்னால் ஏறவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள், இறங்கும்போது நீங்கள் முதலில். அதுவும் முடியாது என்றால் டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்கிற இடத்தில் "படி ஏற இயலாது" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சின்ன விமான நிலையத்தில் ஆள் குறைவு, முன்னாலேயே தெரிந்தால்தான் ஏற்பாடு செய்வார்கள். பின் வரிசையில் இடம் எடுங்கள், கதவுக்குப் பக்கம். ஜெட்டில் முன் வரிசைக்குக் காசு கொடுத்துப் பழகியவர்கள் ஏடிஆரிலும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, இறங்க வரிசையில் கடைசியாக நிற்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. ஒரு ஏடிஆரில் 70, 78 இடம். சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு நாளைக்கு அத்தனை பேர், சாலைக் கட்டணத்தைப் போல் பல மடங்கு கொடுத்து வருவார்களா? கல்யாண நாளில் நீங்கள் வருவீர்கள், மறுநாள் யார்? சென்னை வழியாக விட்டால் சேலத்து ஆள், டெல்லிக்கு மாறுகிற ஆள், சிங்கப்பூருக்கு மாறுகிற ஆள் எல்லோரையும் ஒரே விமானத்தில் நிரப்பலாம். சேலத்துக்குச் சென்னை விமானமே தொடர்ச்சியாக ஓடியதில்லை. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற அரசின் உடான் திட்டத்தில் வந்தது, இடையில் நின்றுபோனது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. அதைக் காப்பாற்றினாலே பெரிய காரியம்.

தூத்துக்குடி கதை வேறு. முன்பு அங்கே ஓடுபாதை 1,350 மீட்டர்தான். ஏடிஆருக்கே அது மட்டுமட்டு. மே மாத மதியத்தில் காற்று சூடேறி லேசாகிவிடும். விமானம் கிளம்ப இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும், ஓடத்தான் இடம் இல்லை. இந்த மாதிரிச் சின்ன ஓடுபாதைக்கு லோடு ஷீட் போடும்போது ஒவ்வொரு பெட்டியும் என் கண்ணில் குத்தும். ஒரு மாமி முறுக்கு டின் நாலு கொண்டுவந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது அந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. முறுக்கு டின் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

---

ஓமலூர் வண்டி எழுதியது:

சார் வணக்கம். நான் ஓமலூரில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். தாத்தா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஓட்ட வைக்காதீர்கள். வயதானவர்களுக்கு முட்டி வலி ஓட்டத்தில் தெரியாது, இறங்கும்போதுதான் பிடிக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கதவைத் திறந்து, காலை வெளியே தொங்கப்போடச் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்பார்கள். நீங்கள் டீ குடிக்க நிறுத்துவதாகச் சொல்லுங்கள்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து இரண்டு, இரண்டரைக்குக் கிளம்புங்கள். நாமக்கல், கரூர், திண்டுக்கல் எல்லாம் நாலு வழிச் சாலை, ஊருக்குள் நுழையவே வேண்டாம். ராசம்பாளையம், வேலஞ்செட்டியூர், கொடைரோடு என்று சுங்கச்சாவடி வரிசையாக வரும், ஃபாஸ்டாகில் பணம் போட்டு வையுங்கள். ராத்திரி மதுரையில் தங்குங்கள். அதிகாலையில் கிளம்பி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி, அங்கிருந்து திருச்செந்தூர். கோவில்பட்டி வழியாகவும் போகலாம், ஆனால் கடலைமிட்டாய்க் கடையில் உங்கள் வீட்டார் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள், என் அனுபவம்.

ஓமலூரிலிருந்து இன்னொரு விஷயம். காமலாபுரத்தில் இறங்கியதும் வாசலில் வண்டி வரிசையாக நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விமானம் வருகிற நேரத்துக்கு நாங்கள் சில பேர் இருப்போம், அவ்வளவுதான். முன்னாலேயே சொல்லி வையுங்கள். சேலம் டவுனுக்கு 20 கி.மீ. இருக்கிறது.

---

குரோம்பேட்டைக்காரன் (ஆறு வாரம் கழித்து):

போய் வந்தாயிற்று. கேட்டவன் பதில் சொல்லாமல் போகக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

சேலம் போகும்போது ஏடிஆர் படியைப் பார்த்ததும் அம்மா, "இது என்னடா, நம்ம பழைய வீட்டு மச்சுப்படி மாதிரி இருக்கு" என்றார். வீல்சேரோடு வந்த பெண் கையைக் கொடுத்தார், அம்மா அதைத் தட்டிவிட்டுத் தானே ஏறினார். பின்னால் நின்ற எனக்குத்தான் வேர்த்தது. கடைசிக்கு முந்தின வரிசை. தாத்தா சொன்னபடி, முன் வரிசைக்காரர்கள் இறங்கி வருவதற்குள் நாங்கள் கீழே நின்றிருந்தோம்.

கல்யாணத்தன்று 2.40க்குக் கிளம்பினோம். நாமக்கல் தாண்டி ஒரு முறை, திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு முறை டீக்கு நிறுத்தினேன். இரண்டாவது தடவை, "உனக்கு எப்போதிலிருந்துடா இவ்வளவு டீ?" என்று அம்மா கேட்டார். சிரித்து மழுப்பினேன். மதுரையில் விடுதி வாசலை அடைந்தபோது 7.30. மறுநாள் காலை 5 மணிக்குக் கிளம்பி, எட்டயபுரம் தாண்டி ஒரு கடையில் காபி, திருச்செந்தூரில் இறங்கும்போது 8.50. இரண்டு நாளையும் சேர்த்தால் வண்டியில் எட்டு மணி நாற்பது நிமிடம். தாத்தா போட்ட எட்டில் முறுக்கு டின் எடை அளவுக்குத்தான் வித்தியாசம்.

தரிசனம் நல்லபடி முடிந்தது. கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "கடன் தீர்ந்தது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் வாகைக்குளத்திலிருந்து திரும்பினோம். ஜன்னல் பக்கம் அம்மா. இறக்கை மேலே இருப்பதால் கீழே முழுசாகத் தெரிந்தது, உப்பளமெல்லாம் கட்டம் கட்டமாக. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். விமானம் நகர்ந்த நிமிடத்திலிருந்து சென்னையில் நின்ற நிமிடம் வரை 1 மணி 27 நிமிடம். பாதி வழியில் அம்மா கேட்டார்: "இதே வண்டியைச் சேலத்திலேருந்து விட்டா என்னவாம்?" தாத்தா எழுதியதை முழுக்கச் சொல்லி விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சேலத்துக்காரங்களுக்கு வேண்டுதல் கம்மி போல" என்றார்.

இன்னொரு கணக்கையும் எழுதிவிடுகிறேன். மீனம்பாக்கத்தில் பெட்டி வாங்கி வெளியே வந்து, வாடகைக் கார் பிடித்து, ஜிஎஸ்டி சாலையில் குரோம்பேட்டை வீட்டு வாசலுக்கு வர 55 நிமிடம்.

---

பழவந்தாங்கல் தாத்தா:

ஐந்து கி.மீ.க்கு 55 நிமிடமா! எங்கே மாட்டினீர்கள், பல்லாவரத்திலா? அந்த நேரத்தில் திரிசூலத்திலிருந்து மின்சார ரயில் ஏறியிருந்தால் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. ஆனால் அங்கே படி ஏற வேண்டுமே, அம்மாவுக்கு ஆகாது. கார்தான் சரி.

நகர்ந்த நிமிடத்தைக் குறித்தேன் என்கிறீர்கள். சாக்ஸை எடுத்ததைப் பார்த்தீர்களா, அல்லது விமானம் அசைந்ததை வைத்துக் குறித்தீர்களா? இரண்டுக்கும் ஒரு நிமிடமாவது வித்தியாசம் வரும். அடுத்த தடவை ஜன்னல் பக்கம் நீங்கள் உட்காருங்கள்.

---

குரோம்பேட்டைக்காரன்:

அசைந்ததை வைத்துத்தான் ஐயா. 1.28 என்று திருத்திக்கொள்கிறேன். ஜன்னலை அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார்.